5.1 செட்டில் வசனம் மட்டும் கேட்கவில்லையா? சென்டர் ஸ்பீக்கரை வீட்டிலேயே செய்துவிடலாம்

எங்கள் வீட்டுக்கு அசெம்பிள் செய்த 5.1 செட் (முன்னால் மூன்று, பின்னால் இரண்டு ஸ்பீக்கர், கூடவே பாஸுக்கு ஒரு சப்ஊஃபர்) வந்த முதல் வாரம் முழுக்க அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "என்னடா சொல்றான்?" மழை பின்னால் பெய்கிறது, ஹெலிகாப்டர் தலைக்கு மேல் சுற்றுகிறது, சப்ஊஃபர் சோபாவையே ஆட்டுகிறது, ஆனால் படத்தில் இரண்டு பேர் நின்று பேசினால் ஒரு வார்த்தை விளங்கவில்லை. வால்யூமைக் கூட்டினால் வசனம் கேட்கும், ஆனால் அடுத்த நிமிடமே ஒரு சண்டைக் காட்சி வந்து அம்மா சமையலறையிலிருந்து கத்துவார்.

காரணம் எளிது. 5.1 படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. தியேட்டரில் திரைக்குப் பின்னாலேயே ஒரு பெரிய ஸ்பீக்கர் நிற்கும், திரையில் இருக்கும் பொடிப்பொடி ஓட்டைகள் வழியாக அதன் சத்தம் வரும். நம் பட்ஜெட் செட்டிலோ பின்னால் தொங்கும் சரவுண்டுக்குக் கொடுத்த அதே 3 இஞ்ச் டப்பாவைத்தான் சென்டருக்கும் கொடுக்கிறார்கள். அதிகம் உழைக்க வேண்டியவனுக்குக் குறைந்த சாப்பாடு. ஆகவே கையில் கொஞ்சம் காசிருந்தால் அதைச் சப்ஊஃபரில் போடாதீர்கள், முதலில் சென்டரில் போடுங்கள். எனக்கு மரம், ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் சேர்த்து 1500 ரூபாய்க்குள் முடிந்தது, அதுவும் ஒருமுறை தப்பாகச் செய்து கற்றுக்கொண்ட பிறகு.

மரத்தை அறுப்பதற்கு முன்னால்

சென்டருக்கு உண்மையாகவே தனி சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் மூலம் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) இணைத்திருந்தால், டிவியின் ஆடியோ செட்டிங்கில் பி.சி.எம். என்று இருக்கிறதா, டால்பி டிஜிட்டல் அல்லது பிட்ஸ்ட்ரீம் என்று இருக்கிறதா என்பது முக்கியம். ஆப்டிகல் ஒயரில் பி.சி.எம். என்றால் இரண்டு சேனல்தான் போகும், அவ்வளவுதான். உங்கள் ஆம்பில் ஏசி3 (டால்பி டிஜிட்டல்) டிகோடர் இருந்தால் பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும், மரமே வாங்க வேண்டாம்.

டிகோடர் இல்லாமல் ப்ரோலாஜிக் போர்டு மட்டும் இருக்கும் செட்டுகளில் இடது வலது இரண்டிலும் பொதுவாக இருப்பதை எடுத்து நடுவில் கொடுப்பார்கள். அதுவும் வசனத்துக்குப் பரவாயில்லை. ஆனால் இன்னும் மலிவான சில செட்டுகளில் இடதையும் வலதையும் சும்மா கூட்டிச் சென்டரில் கொட்டிவிடுவார்கள், முன்னால் உள்ள இரண்டிலும் அதே குரல் அப்படியே இருக்கும். அந்த மாதிரிச் செட்டுக்கும் நல்ல சென்டர் உதவும், ஆனால் அதன் அளவைக் குறைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாமே நடுவில் சுருங்கி மோனோ மாதிரி ஆகிவிடும். யூடியூபில் கிடைக்கும் 5.1 டெஸ்ட் வீடியோவை நம்பாதீர்கள், அது பெரும்பாலும் ஸ்டீரியோவாகத்தான் வந்து சேரும். உண்மையான ஏசி3 டெஸ்ட் ஃபைலைப் பென்டிரைவில் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஆம்ப். சென்டர் சேனலில் என்ன ஐசி இருக்கிறது, அது எத்தனை ஓம்ஸ் தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி மேல் 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பதை மறந்துவிடுங்கள், டி.டி.ஏ. 2030 ஐசி ஒன்று நிஜமாகக் கொடுப்பது 14 வாட்ஸ் அளவுக்குத்தான், 4440 ஐசியைப் பிரிட்ஜ் செய்தால், அதாவது அதன் இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்துவிட்டால் 19 வாட்ஸ். கவலைப்பட வேண்டாம், ஹாலில் பேச்சுக் கேட்க 10 வாட்ஸ் தாராளம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரிட்ஜ் செய்த ஆம்பிலும் இப்போது வரும் கிளாஸ்-டி போர்டுகள் பலவற்றிலும் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் கிரவுண்டு கிடையாது. அதைச் சேசிஸில் (ஆம்பின் உலோகக் கூட்டில்) தொட்டால் ஐசி போய்விடும்.

இன்னொரு ஐந்து நிமிட வேலை: புது ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன், ஆம்பை ஆன் செய்து, பாட்டு எதுவும் ஓடாமல், சென்டர் அவுட்புட்டில் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் நல்லது. பல வோல்ட் காட்டினால் ஐசி செத்திருக்கிறது, ஸ்பீக்கரை மாட்டிய சில நொடியில் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகி வாடை வரும்.

ஒரு ஊஃபர் போதும்

கடையில் விற்கும் சென்டர் பெரும்பாலும் நீளமாகப் படுத்திருக்கும், நடுவில் மேல் சுரத்துக்கான ட்வீட்டர், இரண்டு பக்கமும் கனமான சத்தத்துக்கான ஊஃபர். நானும் அதைப் பார்த்துத்தான் முதல் பெட்டியைச் செய்தேன். சோபாவின் நடுவில் உட்கார்ந்தால் அருமை. அப்பா உட்காருவது ஓரத்தில், ஜன்னல் பக்கம். அங்கிருந்து மறுபடியும் "என்னடா சொல்றான்?"

நான் ஓரத்தில் போய் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு ஊஃபரும் ஒரே சத்தத்தைத் தருகின்றன, ஆனால் ஓரத்தில் இருப்பவருக்கு ஒன்று பக்கம், மற்றது தூரம். என் பெட்டியில் இரண்டுக்கும் மையத்திலிருந்து மையம் 25 செ.மீ. நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரி தள்ளி உட்கார்ந்தால் இரண்டு சத்தத்துக்கும் பாதை வித்தியாசம் 12.5 செ.மீ. அந்த நீளம் சரியாக அரை அலையாக அமையும் இடம் சுமார் 1370 ஹெர்ட்ஸ், அங்கே ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பேச்சில் எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கேட்க உதவும் பகுதியிலேயே ஒரு குழி விழுந்தால் வேறென்ன கேட்கும்?

அதனால் என் யோசனை இதுதான். ஒரே ஒரு 4 இஞ்ச் ஊஃபர், அதற்கு நேர் மேலே ஒரு ட்வீட்டர், நிமிர்ந்து நிற்கும் சின்னப் பெட்டி. சோபாவில் யார் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டுக்கும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். டிவி சுவரில் தொங்கினால் கீழே 26 செ.மீ. உயரத்துக்கு இடம் கிடைக்கும். மேசை மேல் டிவி வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு இடம் இருக்காது, அவர்கள் ட்வீட்டர் இல்லாமல் எல்லாச் சுரத்தையும் தானே தரும் 3 அல்லது 4 இஞ்ச் ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வைத்துப் பெட்டியைப் படுக்க வைக்கலாம். பார்க்க ஏழையாக இருக்கும், பேச்சு தெளிவாக இருக்கும்.

சாமான்கள்

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்ற ஊர்களில் ஆம்ப் அசெம்பிள் செய்யும் கடைக்காரரிடமே கேளுங்கள். வாங்க வேண்டியது 8 ஓம்ஸ் 4 இஞ்ச் ஊஃபர் ஒன்று, 8 ஓம்ஸ் சில்க் டோம் ட்வீட்டர் ஒன்று. பீசோ ட்வீட்டர் வேண்டவே வேண்டாம், ச, ஷ வரும் இடமெல்லாம் காதில் ஊசி குத்தும். ஊஃபரை வாங்கும்போது கோனை நான்கு விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள், உள்ளே காயில் உரசும் 'சர்' சத்தம் வந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் 6, 7 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சண்டை போடாதீர்கள், அது காயிலின் வெறும் டிசி அளவு.

ஒரு நப்பாசை: முன்னால் உள்ள இடது வலது ஸ்பீக்கர்களையும் பின்னாளில் மாற்றும் எண்ணம் இருந்தால், ஒரே மாதிரி ஊஃபரும் ட்வீட்டரும் மூன்று செட் இப்போதே வாங்கிவிடுங்கள். மூன்றும் ஒரே குரலில் பேசினால், ஒரு கார் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் குரல் மாறாது. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே மாடல் கிடைக்காது.

இவை போக 4.7 மைக்ரோஃபாரட் நான்போலார் கண்டன்சர் ஒன்று, 2.2 ஓம்ஸ் 5 வாட்ஸ் ரெசிஸ்டர் ஒன்று, பிரஸ் டெர்மினல், இரண்டு மீட்டர் ஒயர், ஃபெவிக்கால், ஒரு சிலிக்கான் டியூப், தலையணைக்குள் இருக்கும் ரெக்ரான் பஞ்சு இரண்டு கைப்பிடி. இலவம் பஞ்சும் வேலை செய்யும், ஆனால் அது பறந்து காயில் இடுக்கில் போய் உட்காரும், மெல்லிய துணியில் மூட்டை கட்டிப் போட வேண்டும்.

பெட்டி

12 மி.மீ. எம்.டி.எஃப். அல்லது நல்ல பிளைவுட், 2 அடிக்கு 2 அடித் துண்டு ஒன்று போதும். மர டிப்போவில் மிச்சத் துண்டாகவே கிடைக்கும். அங்கேயே மெஷினில் அறுத்து வாங்குங்கள், கை ரம்பத்தில் நேராக அறுக்க எனக்கு வராது, உங்களுக்கும் வராது என்றே வைத்துக்கொள்கிறேன். முன்பலகை, பின்பலகை இரண்டும் 18 க்கு 26 செ.மீ. பக்கப் பலகை இரண்டு, 15.6 க்கு 26. மேலும் கீழும் 15.6 க்கு 15.6 சதுரம் இரண்டு. சேர்த்தால் வெளியே 18 அகலம், 26 உயரம், 18 ஆழம். உள்ளே 5.7 லிட்டர் வரும், ஊஃபரின் காந்தம் கொஞ்சம் இடத்தைத் தின்றது போக ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. 4 இஞ்ச் ஊஃபரை மூடிய பெட்டியில் போட இது ஏற்ற அளவு. ஓட்டை போட்டுக் குழாய் வைக்கும் வேலை வேண்டாம், பாஸ் எல்லாம் சப்ஊஃபர் பார்த்துக்கொள்ளும்.

முன்பலகையில் ட்வீட்டர் மேலே, ஊஃபர் கீழே, இரண்டும் ஒட்டி உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் வரட்டும். வட்டத்தை வரைய, வாங்கிய ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து அதன் உள்விட்டத்தை அளந்து வரையுங்கள். 4 இஞ்ச் என்று பேர்தான், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓட்டை அளவு வேறு. ஜிக்ஸா இல்லையென்றால் தச்சரிடம் கொடுங்கள், பத்து நிமிட வேலை. நீங்களே அறுத்தால் முகத்தில் துணி கட்டுங்கள், எம்.டி.எஃப். தூள் சாதாரண மரத்தூள் மாதிரி இல்லை, மாவு மாதிரி நெஞ்சுக்குள் போகும்.

ஒட்டும்போது முதலில் பக்கம், மேல், கீழ் நான்கையும் சேர்த்துச் சட்டம் மாதிரி நிறுத்துங்கள், அப்புறம் பின்பலகை, கடைசியில் முன்பலகை. ஃபெவிக்காலைத் தாராளமாகப் பூசி, பழைய சைக்கிள் டியூபைக் கீறி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். கிளாம்ப் வாங்கத் தேவையே இல்லை. எம்.டி.எஃப். பலகையின் ஓரத்தில் ஸ்குரூ அடிக்க ஆசைப்பட்டால் முதலில் மெல்லிய பிட்டால் ஓட்டை போட்டுவிட்டு அடியுங்கள், நேரடியாக அடித்தால் பலகை புத்தகம் மாதிரி விரியும். இடுக்கு தெரிந்தால் மரத்தூளையும் ஃபெவிக்காலையும் குழைத்து அப்புங்கள். ஆசாரிகள் காலங்காலமாகச் செய்வதுதான்.

உள்மூலைகள் எல்லாவற்றிலும் சிலிக்கானை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஸ்பீக்கரை உடனே மாட்ட வேண்டாம். சாதாரணச் சிலிக்கான் காயும்போது வினிகர் வாடை வரும், அது நிஜமாகவே அமிலம், மூடிய பெட்டிக்குள் செம்பையும் சால்டரையும் அரிக்கும். வாடை போகும்வரை ஒரு நாள் திறந்து வையுங்கள்.

கிராஸ்ஓவர்

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ட்வீட்டருக்குக் கனமான சத்தம் போகக்கூடாது, போனால் கிழியும். அதைத் தடுக்க ஒரு கண்டன்சரை ட்வீட்டரின் பிளஸ் ஒயருக்கு நடுவில் போட்டால் போதும். 8 ஓம்ஸ் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் சுமார் 4200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லக் குறைக்கும். நான்போலார் கிடைக்கவில்லையா? 10 மைக்ரோஃபாரட், 63 வோல்ட் சாதாரணக் கண்டன்சர் இரண்டை எடுத்து மைனஸையும் மைனஸையும் சேர்த்துச் சால்டர் செய்யுங்கள், மிச்சமிருக்கும் இரண்டு பிளஸ் காலும் உங்கள் ஒயர், 5 மைக்ரோஃபாரட் நான்போலார் தயார்.

ட்வீட்டர் பெரும்பாலும் ஊஃபரைவிடச் சத்தமாக இருக்கும். அதனால் கண்டன்சரோடு 2.2 ஓம்ஸ் ரெசிஸ்டரையும் வரிசையாகப் போடுங்கள். இதில் ஒரு சின்னச் சூட்சுமம்: ரெசிஸ்டர் சேர்ந்ததும் கண்டன்சருக்கு எதிரே இருப்பது 8 அல்ல, 10.2 ஓம்ஸ், ஆகவே வெட்டும் இடம் 3300 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். சத்தமாக வைக்கும்போது ட்வீட்டர் கரகரத்தால் கண்டன்சரை 3.3க்கு மாற்றுங்கள், 4700 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும்.

ஊஃபருக்கு ஒன்றும் போட வேண்டாம், நேரடியாகக் கொடுங்கள். பேப்பர் கோன் ஊஃபர் மேல் சுரத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். பேச்சு தட்டையாக, தகரத்தில் பேசுவது மாதிரி இருந்தால் மட்டும் 0.3 மில்லிஹென்றி இண்டக்டர் காயில் ஒன்றை ஊஃபரின் பிளஸ் ஒயரில் வரிசையாகப் போட்டுப் பாருங்கள்.

பிளஸ் எது என்று ஸ்பீக்கரில் சிவப்புப் பொட்டு இருக்கும். இல்லாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியை ஊஃபரில் ஒரு நொடி தொடுங்கள், கோன் முன்னால் வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்ட இடம்தான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள். ட்வீட்டரை இப்படியும் அப்படியுமாகத் திருப்பி மாட்டி, சோபாவிலிருந்து ஒரு செய்தி வாசிப்பவரின் குரலைக் கேளுங்கள், எதில் குரல் நிறைவாக இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சால்டர் ஆனதும் கண்டன்சரையும் ரெசிஸ்டரையும் பெட்டியின் உள்சுவரில் ஒட்டி (ரெசிஸ்டர் சூடாகும், பஞ்சில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்), பஞ்சைத் தளர்வாக உதிர்த்துப் போட்டு, ஸ்பீக்கரின் விளிம்புக்கடியில் கதவுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பை வைத்து ஸ்குரூ முடுக்குங்கள். காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க ஊதுபத்திதான் நல்ல கருவி. கனமான பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்து இணைப்புகள் ஓரமாகப் புகையைக் கொண்டுபோங்கள். எங்கே புகை திடீரென்று நடுங்குகிறதோ அங்கே ஓட்டை. என் பெட்டியில் அது டெர்மினலுக்குப் பின்னால் இருந்தது.

வைக்கும் இடம், வைக்கும் அளவு

ட்வீட்டர் உங்கள் காதைப் பார்க்க வேண்டும். பெட்டி தாழ்வாக இருந்தால் முன்பக்கத்தில் இரண்டு ரப்பர் துண்டை வைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். மேசையின் முன்விளிம்போடு பெட்டியின் முகம் சமமாக நிற்கட்டும், உள்ளே தள்ளினால் மேசைப் பலகையில் பட்டு வரும் சத்தம் குரலைக் கலக்கும். ஷோகேஸ் அறைக்குள் நுழைத்தால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி ஆகும். இன்னும் பழைய பெட்டி டிவி வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரைத் தள்ளி வையுங்கள், காந்தம் திரையில் நிறத் திட்டு போடும், எல்.இ.டி. டிவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆம்பில் ஸ்பீக்கர் அளவு கேட்டால் சென்டருக்கு 'ஸ்மால்' கொடுத்து, வெட்டும் இடத்தை 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். அசெம்பிள் செட்டில் இந்த வசதி இருக்காது. அங்கே 220 மைக்ரோஃபாரட் நான்போலார் ஒன்றைச் சென்டர் பிளஸ் ஒயரில் வரிசையாகப் போட்டால் கணக்குப்படி 90 ஹெர்ட்ஸ் பக்கம் பாஸ் குறையத் தொடங்கும். ஊஃபரின் ஓம்ஸ் எல்லா சுரத்திலும் ஒன்றாக இருக்காது என்பதால் கணக்கு அப்படியே பலிக்காது, ஆனால் குண்டு வெடிக்கும் காட்சியில் சின்னக் கோன் துடித்துச் சாவதை அது நிறுத்தும்.

அளவுக்குப் போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்று போதும். டெஸ்ட் ஃபைலில் வரும் 'ஷ்ஷ்' சத்தத்தை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் போனைப் பிடித்து, எல்லாம் ஒரே எண்ணைக் காட்டும்வரை சரிசெய்யுங்கள். அதன் பிறகு சென்டரை மட்டும் 2 டெசிபல் கூட்டுங்கள். இது என் பழக்கம், டைல்ஸ் தரையும் வெறும் சுவருமாக எதிரொலிக்கும் நம் ஹாலுக்கு அது தேவைப்படுகிறது. முடிந்தால் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் ஒரு கம்பளம் விரியுங்கள், அது தரும் தெளிவைக் காசு கொடுத்து எந்த ட்வீட்டரிலும் வாங்க முடியாது.

கடைசியாக, முன்னால் துணி கட்டுங்கள். துணியை வாயில் வைத்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் போக வேண்டும், அதுதான் அளவுகோல். நான் துணி கட்டச் சோம்பல்பட்டு விட்டதால், அக்கா பையன் வந்த அன்றே ஊஃபரின் நடுக் குமிழை விரலால் அமுக்கிக் குழியாக்கிவிட்டான். செலோடேப்பை அதன் மேல் ஒட்டி மெல்ல இழுத்தால் குமிழ் 'டப்' என்று வெளியே வரும். ட்வீட்டர் டோமுக்கும் இதையே செய்யலாம், ஆனால் அங்கே டேப்பை முதலில் சட்டையில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.